எல்லார் கண்ணும் ஒருவர் மேல்: மேடை பற்றி வாசகர் கேள்விகள்

ஆண்டு விழா, அரங்கேற்றம், ஊர்த் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று ஏதோ ஒரு மேடையில் ஏற வேண்டியவர்களும் ஏற்றிவிட வேண்டியவர்களும் அனுப்பிய கடிதங்களிலிருந்து சில. பெரும்பாலும் ஒளி, ஒலி, உடம்பு பற்றிய சந்தேகங்கள்தான். ‘புகழ் பெறுவது எப்படி?’ என்று கேட்டவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை. ‘நான் பேசும்போது மட்டும் மைக் ஏன் ஊளையிடுகிறது?’ என்று கேட்டவருக்கு இருக்கிறது.

கல்லூரி மாணவி, காரைக்குடி: பேர்பெற்றவர்களை ‘லைம்லைட்டில் இருக்கிறார்’ என்கிறோமே, எலுமிச்சைக்கும் புகழுக்கும் என்ன சம்பந்தம்?

ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் ‘லைம்’ என்பது பழத்துக்கும் பெயர், சுண்ணாம்புக்கும் பெயர். இது சுண்ணாம்பு. அதிலும் வெற்றிலையில் தடவுகிற நீற்றின சுண்ணாம்பு அல்ல, காளவாயிலிருந்து எடுத்துத் தண்ணீர் படாமல் வைத்த கற்சுண்ணாம்பு. அதைச் சிறு உருளையாகக் கடைந்து, ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் கலந்து எரியும் சுடரைப் பக்கவாட்டில் ஒரே புள்ளியில் பாய்ச்சுவார்கள். சுடருக்கென்று பெரிய வெளிச்சம் கிடையாது. சூடேறிய சுண்ணாம்புதான் கண் கூசுகிற மாதிரி வெள்ளையாக ஜொலிக்கும். கற்சுண்ணாம்பு உருக 2,500 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், அதனால் அந்தச் சூட்டையும் தாங்கி நிற்கும்.

1820களில் இங்கிலாந்தின் கோல்ட்ஸ்வொர்த்தி கர்னி இதைக் கண்டறிந்தார். அதைக் கையிலெடுத்தவர் நாடகக்காரர் அல்ல, நில அளவை அதிகாரியான தாமஸ் டிரம்மண்ட். 1825-ல் அயர்லாந்தில் ஒரு மலையுச்சியில் இந்த விளக்கை ஏற்ற, 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த இன்னொரு மலையில் அது தெரிந்தது. மேடைக்கு வந்தது 1837-ல், லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில். அதுவரை எரிவாயு விளக்கு மேடை முழுவதையும் மங்கலாகத்தான் காட்டியது. இந்த ஒளியை லென்ஸ் வைத்துக் குவிக்க முடிந்ததால், கூட்டத்தில் ஒருவரை மட்டும் பிரித்துக் காட்ட முடிந்தது. அந்த வட்டத்துக்குள் நிற்பவர்தான் ‘லைம்லைட்டில்’ இருப்பவர்.

நாம் பேச மறந்துவிடுவது அந்த விளக்கை இயக்கிய ஆளைப் பற்றி. சுடர் படும் இடத்தில் சுண்ணாம்பு குழி விழும், உடனே ஒளி மங்கும். அதனால் உருளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வாயுக்களின் அளவையும் சரிபார்க்க வேண்டும். வாயு பெரிய பைகளில் இருக்கும், பைகளைப் பலகைக்கு நடுவில் வைத்து மேலே எடைக்கல் ஏற்றியிருப்பார்கள். ஒரு பையில் அழுத்தம் குறைந்து மற்றதன் வாயு உள்ளே புகுந்தால் வெடிக்கும். காற்றின் ஈரம் பட்டாலே உருளை பொடியாகிவிடும் என்பதால் மூடிய டப்பாவில் வைத்திருந்தார்கள். இத்தனை வேலைக்கு நடுவே நடிகரையும் விடாமல் பின்தொடர வேண்டும்.

நம் ஊரில் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி உண்டு. தெருக்கூத்துக்குக் கட்டிய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் அதே தத்துவம்தான். உலோக உப்பில் ஊறிய துணி வலை முதல் தடவை கொளுத்தியதும் எரிந்துபோகும், மிஞ்சுவது ஆக்ஸைடு வலை. மண்ணெண்ணெய் ஆவியின் சுடர் அதைச் சூடேற்ற, வலைதான் ஒளிவிடும். விரல் பட்டால் உதிர்வதும் அதனால்தான். சுண்ணாம்பு விளக்குக்குப் பிறகு மேடைக்குக் கார்பன் வில்விளக்கு வந்தது. டென்டுக் கொட்டகையில் ஆபரேட்டர் கார்பன் குச்சியைத் தள்ளித் தள்ளி எரியவிட்டாரே, அந்த ஒளிதான். இங்கிலாந்து நாடகக்காரர்கள் நடிகரைப் பின்தொடரும் இன்றைய மின்விளக்கையும் ‘லைம்’ என்றே சொல்கிறார்கள்.

பள்ளி ஆசிரியை, மன்னார்குடி: ஆண்டு விழாவுக்கு ஃபாலோ லைட் வாடகைக்கு எடுத்தோம். வட்டம் எப்போதும் பிள்ளைக்குப் பின்னாலேயே ஓடியது. பாதி நேரம் தலை இருட்டில். நடுவில் கரண்ட் ஒரு நொடி போய் வந்தது. விளக்கு மட்டும் பத்து நிமிடம் வரவில்லை. விளக்கு பழுதா?

விளக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். கடைசிச் சங்கதியை முதலில் பார்ப்போம். வாடகைக்கு வருபவற்றில் பல மெட்டல் ஹாலைடு விளக்குகள். அதில் இழை கிடையாது, வாயுவுக்குள் மின்வில் எரிகிறது. சூடாக இருக்கும்போது உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். அந்த நிலையில் அணைந்தால், ஆறி அழுத்தம் இறங்கும் வரை வில் மறுபடி பற்றாது. 5 முதல் 15 நிமிடம் ஆகலாம். பொறுமையிழந்து சுவிட்சைத் தட்டிக்கொண்டே இருந்தால் பல்புக்குத்தான் கேடு. ஆகவே விழா தொடங்கும் முன்பே அந்த விளக்கை ஜெனரேட்டரில் போட்டுவிடுங்கள், ‘கரண்ட் போனால் மாற்றலாம்’ என்று வைக்காதீர்கள். இரண்டு காட்சிக்கு நடுவில் இருட்டு வேண்டுமென்றால் சுவிட்சைத் தொடாமல், விளக்கிலேயே உள்ள மூடியை இழுத்து ஒளியை மறைக்க வேண்டும். எல்.ஈ.டி. ஃபாலோ லைட் கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

வட்டம் பின்தங்குவதற்குக் காரணம், இயக்குபவர் வட்டத்தைப் பார்க்கிறார். பார்க்க வேண்டியது பிள்ளையின் இடுப்பை. வலப்பக்கம் போகப்போகிற கால் தரையை விட்டு எழும்புமுன் உடல் எடை இடக்காலுக்கு மாறும், அந்த அசைவிலேயே விளக்கு கிளம்ப வேண்டும். போகிற திசையில் வட்டத்துக்குள் கொஞ்சம் வெற்றிடம் விட்டால் இன்னும் நல்லது. மணிக்கட்டால் திருப்பினால் வெட்டி வெட்டிப் போகும். காலை அகட்டி நின்று உடம்போடு திரும்ப வேண்டும். ஸ்டாண்டின் திருகை முழுக்கத் தளர்த்தாமல், லேசாகப் பிடிமானம் இருக்கும்படி வையுங்கள்.

தலை இருட்டில் போவது, வட்டத்தின் நடுவை வயிற்றுக்கு வைப்பதால். ஒளி அதிகமாக இருக்கும் நடுப்பகுதி மார்புக்கும் முகத்துக்கும் வர வேண்டும், காலில் கொஞ்சம் குறைந்தால் பாதகமில்லை. லென்ஸை நகர்த்தி விளிம்பை மங்கலாக்கிவிட்டால் கை நடுங்குவதும் தெரியாது. விளக்கைத் தரையில் நிறுத்தினால் பிள்ளையின் நிழல் பின்திரையில் பூதமாக எழும், முன்வரிசையில் எழுந்து நிற்பவரின் தலையும் சேர்ந்து விழும். ஆறேழு அடி உயர மேடை போட்டு மேலிருந்து சாய்த்தால் நிழல் தரையில் படுத்துவிடும்.

இருட்டில் ஆளைப் பிடிக்க ஒரு கைவேலை. ஒத்திகையில் ஐரிஸை, அதாவது ஒளிவட்டத்தைச் சிறிதாக்கும் வளையத்தைச் சுருக்கி மேடையில் ஒரு புள்ளியில் ஒளியை நிறுத்துங்கள். விளக்கின் மேலே முன்னும் பின்னுமாக இரண்டு கம்பி வளையம் கட்டி, இரண்டின் வழியாகப் பார்த்தால் அதே புள்ளி தெரியும்படி வளையுங்கள். துப்பாக்கிக் குறி மாதிரிதான். பிறகு மூடி திறக்குமுன்பே எங்கே விழும் என்று தெரியும். பிளாஸ்டிக் குழாய் வைத்தால் விளக்கின் சூட்டில் வளைந்துவிடும், கம்பிதான் சரி. கையுறை இல்லாமல் உடற்பகுதியைத் தொட வேண்டாம்.

இருபது பிள்ளைகள் சேர்ந்து ஆடும் பாட்டுக்கு ஃபாலோ லைட்டே வேண்டாம். வட்டத்துக்கு வெளியே நிற்கும் பத்தொன்பது பேரின் பெற்றோரும் மறுநாள் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

வாசகர், திண்டுக்கல்: தங்கை ரிசப்ஷன் ஆல்பத்தில் எல்லார் முகமும் ஊதா. போட்டோகிராபர் லைட்காரரைச் சொல்கிறார், லைட்காரர் போட்டோகிராபரைச் சொல்கிறார்.

இருவர் மேலும் பாதிப் பாதி. நம் தோல் சிவப்பையும் மஞ்சளையும்தான் அதிகம் திருப்பி அனுப்பும். நீலமும் ஊதாவும் விழுந்தால் அனுப்ப அதிகம் இல்லாமல் முகம் செத்துப்போய்த் தெரியும். வண்ண எல்.ஈ.டி. பார் விளக்குகள் பின்திரைக்கும் முதுகுக்கும் மட்டுமே போகட்டும். முகத்துக்கு முன்னால் இரு பக்கமும் 45 டிகிரி கோணத்தில் ஒவ்வொரு மஞ்சள்வெள்ளை விளக்கு, தலைக்கு மேலான உயரத்திலிருந்து சாய்ந்து வர வேண்டும். உச்சந்தலைக்கு நேர்மேலே வைத்தால் கண்குழி இருண்டு, மூக்கின் நிழல் உதட்டில் விழும்.

கேமராவில் ஒயிட் பேலன்ஸை, அதாவது எது வெள்ளை என்று அதற்குச் சொல்லும் அமைப்பை ஆட்டோவில் விட்டால், விளக்கு நிறம் மாறும்போதெல்லாம் அதுவும் மாறும். முக விளக்கின் நிற அளவு 3,200 கெல்வின் என்றால் கேமராவிலும் அதையே வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். வீடியோவில் கோடு கோடாக ஓடினால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக்க வேண்டும், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மாப்பிள்ளை வருமுன் யாரையாவது மணவறை நாற்காலியில் உட்கார வைத்து, தாடைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுங்கள். தாள் ஊதாவாக வந்தால் அப்போதே சண்டை போட்டுவிடலாம்.

மகளிர் சுயஉதவிக் குழு பொறுப்பாளர், உசிலம்பட்டி: அடுத்த மாதம் முதல்முறையாக மேடையில் பேசுகிறேன். போன தடவை எங்கள் குழு அக்கா பேசியபோது மைக் கீச்சென்று கத்தியது. அப்புறம் குரலே கேட்கவில்லை. எதைக் கவனிக்க வேண்டும்?

ஸ்பீக்கரில் வரும் சத்தம் மைக்குக்குள் மறுபடி புகுந்து, பெருகி, திரும்பவும் ஸ்பீக்கருக்கே போவதுதான் அந்தக் கீச்சு. ஆகவே ஸ்பீக்கர் பெட்டிகள் உங்களுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். கையில் மைக்கோடு பெட்டியைத் தாண்டி முன்னே போகக் கூடாது.

இரண்டாவது, பிடிக்கும் விதம். மைக்கின் வலைத்தலையைக் கைக்குள் பொத்திப் பிடிப்பது பாட்டுக்காரர்களைப் பார்த்து வந்த பழக்கம். அந்தத் தலைக்கு அடியில் சிறு துளைகள் உண்டு. பின்பக்கச் சத்தத்தைத் தள்ளிவிடும் வேலை அவற்றால்தான் நடக்கிறது. பொத்தினால் மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிக்கும், உடனே ஊளை. தண்டின் நடுவில் பிடியுங்கள். கத்தும்போது பயத்தில் மைக்கைப் பொத்துவார்கள், அல்லது மேடையில் உள்ள ஸ்பீக்கரை நோக்கித் தாழ்த்துவார்கள். இரண்டுமே நெருப்பில் எண்ணெய். அசையாமல் வாய்க்கு அருகிலேயே வையுங்கள், சத்தத்தைக் குறைப்பது ஆபரேட்டர் வேலை.

மூன்றாவது, தூரம். வாய்க்கும் மைக்குக்கும் 5 முதல் 10 சென்டிமீட்டர், அதாவது மூன்று விரல் அகலத்திலிருந்து ஐந்து விரல் வரை. 5 என்பது 10 ஆனாலே மைக்குக்குப் போகும் ஒலியின் வலு கால்வாசியாகிவிடும். குரல் கேட்காமல் போனது இதனால்தான் இருக்கும். கீச்சு கேட்டதும் அந்த அக்கா மைக்கைத் தள்ளிப் பிடித்திருப்பார், ஆபரேட்டரும் பயந்து ஒலியைக் குறைத்திருப்பார். தலையைத் திருப்பும்போது மைக்கும் கூடத் திரும்ப வேண்டும். நீட்டுக் கழுத்து மைக் உள்ள மேசையென்றால் ஒரு சாண் தூரம் போதும், பேசத் தொடங்குமுன் அதன் கழுத்தை உங்கள் உயரத்துக்கு வளைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, காற்று. உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து ‘பப்பாளி’ என்று சொல்லிப் பாருங்கள், பிறகு ‘நாவல்’ என்று. முதலாவதில் காற்று அடிக்கும். மைக்கில் அதுதான் ‘டப் டப்’ என்று கேட்கும். மைக்கை உதட்டுக்கு நேரே வைக்காமல், தாடைப் பக்கத்திலிருந்து மேலே சாய்த்துப் பிடித்தால் காற்று அதன் மேலாகப் போய்விடும்.

ஊதியும் தட்டியும் சோதிக்க வேண்டாம். ‘வணக்கம்’ என்று சொன்னாலே சோதித்தாகிவிடும்.

தனியார் நிறுவன ஊழியர், கோவை: மேடையில் நின்றால் கை நடுங்குகிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நடுக்கத்தை எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று தோன்றியதும் இன்னும் நடுங்குகிறது.

எல்லாரும் பார்க்கவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் ஒரு சோதனை செய்து 2000-ல் வெளியிட்டார்கள். போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருக்கும் ஒரு பாடகரின் படம் அச்சிட்ட டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்குப் போட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிதான். இதற்கு அவர்கள் வைத்த பெயரே ‘ஸ்பாட்லைட் விளைவு’. கிலோவிச்சும் சவிட்ஸ்கியும் 2003-ல் இன்னொன்றும் காட்டினார்கள். உள்ளே இருக்கும் பதற்றம் நாம் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரிவதில்லை என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பப்பட்டவர்கள் மேலும் நன்றாகப் பேசினார்கள். நீங்களும் இப்போது அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டீர்கள்.

இனி உடம்பு. அட்ரினலின் ஏறினால் உமிழ்நீர் குறையும், விரல் சில்லிடும், தசை நடுங்கும். அதைத் தடுப்பதைவிட, பெரிதாகக் காட்டாமல் பார்த்துக்கொள்வது எளிது. முழுநீள ஏ4 தாள் விரல் நடுக்கத்தைப் பல மடங்காக்கி நுனியில் காட்டும். போஸ்ட்கார்டு அளவு கெட்டி அட்டையில் குறிப்பு எழுதுங்கள். லேசர் சுட்டி வேண்டவே வேண்டாம். மேடைக்குப் போகுமுன் இரண்டு நிமிடம், மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுத்து ஆறு எண்ணும் வரை விடுங்கள். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம், இதயத் துடிப்பு அப்போதுதான் இறங்கும். முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யுங்கள். துடிப்பு உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் தொடக்கத்தில்தான், அந்த நேரத்தை அவை கடத்திவிடும். முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்காதீர்கள். ரத்தம் காலில் தேங்கி, விளக்குச் சூடும் சேர்ந்தால் மயக்கம் வரும். வெறும் வயிறு என்றால் கேட்கவே வேண்டாம்.

பெயர் வெளியிட விரும்பாதவர், சேலம்: நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கிறதாமே, நண்பர் தருகிறேன் என்கிறார்.

அவர் சொல்வது புரோப்ரனோலால் ஆக இருக்கும். டாக்டர் எழுதாமல் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். டாக்டர் எழுதித் தந்தாலும், முதல்முறை சாப்பிடும் நாள் மேடை ஏறும் நாளாக இருக்கக் கூடாது.

தாய், நாகர்கோவில்: ஐந்தாம் வகுப்பு மகன் வீட்டில் நூறு குறளையும் ஒப்பிக்கிறான். போட்டியில் பன்னிரண்டாவதில் நின்றுவிட்டான். பயந்த சுபாவமா?

கரப்பான்பூச்சியிடம் கேட்போம். ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1969-ல் கரப்பான்பூச்சிகளை ஓடவிட்டார். வெளிச்சம் போட்டதும் அவை இருட்டுப் பெட்டியைத் தேடி ஓட வேண்டும். ஓடுபாதையின் இருபுறமும் கண்ணாடி போன்ற பெட்டிகளில் மற்ற கரப்பான்கள் பார்வையாளர்கள். நேர்ப்பாதையில், பார்க்க ஆள் இருந்தபோது வேகம் கூடியது. திருப்பம் உள்ள பாதையில் குறைந்தது. நன்றாகப் பழகியதைக் கூட்டம் மேலும் நன்றாக்கும், அரைகுறையாகப் பழகியதைக் கெடுக்கும் என்று அவர் 1965-லேயே சொன்னதற்கு இது சாட்சி.

உங்கள் மகன் நூறையும் ஒரே சங்கிலியாகக் கற்றிருப்பான். ஒரு கண்ணி விட்டால் அடுத்ததைத் தொட வழியில்லை. வீட்டில் நீங்கள் தலையாட்டுவதும் அவனுக்கு ஒரு பிடி. ஒவ்வொரு அதிகாரத்தின் முதல் குறளையும் தனி நுழைவாசலாக்குங்கள். ‘நாலாவது அதிகாரம்’ என்றதும் ‘சிறப்புஈனும்’ என்று தொடங்க வர வேண்டும். நடுவிலிருந்தும் கேளுங்கள். நின்றுபோனால் தேடிக்கொண்டு நிற்காமல் அடுத்த வாசலுக்குப் போகப் பழக்குங்கள். பிறகு ஆட்கள்: முதலில் பாட்டி தாத்தா, அடுத்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாறு பேர், கடைசியில் போட்டிக்குப் போடும் அதே சட்டையோடு தெரியாத சிலர் முன்னால். நீங்கள் அறையில் இல்லாமல் ஒரு தடவையாவது ஒப்பிக்கட்டும்.

வாசகர், கும்பகோணம்: வரவேற்புரைக்கு எத்தனை நிமிடம்?

மூன்று. ‘அவர்களே, அவர்களே’ என்று மேடையில் உள்ள பதினாறு பேரையும் பட்டத்தோடு விளித்தால் மூன்றும் அதிலேயே போகும். கூட்டம் உங்களை முழுசாகக் கவனிப்பது முதல் அரை நிமிடம். அதைப் பெயர்ப் பட்டியலுக்குக் கொடுக்காமல், பெயர்களை நடுவில் வையுங்கள்.

பட்டிமன்றப் பேச்சாளர், மதுரை: பட்டுப்புடவையில் காலர் மைக் குத்தினால் ஒரே சரசரப்பு. எங்கே குத்துவது?

தாடைக்குக் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டரில், முந்தானை மடிப்பில் அல்ல, ரவிக்கையின் கழுத்து விளிம்பில். முந்தானை அசையும்போது பட்டு பட்டோடு உரசுகிறது, அந்தச் சத்தம்தான் கேட்கிறது. தாலிச் சங்கிலியும் ஆரமும் மைக்கில் இடிக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி, உட்பக்கமாகச் சின்ன டேப் ஒட்டுங்கள். வயரை ஒரு சிறு வளையமாக்கிக் குத்தினால் இழுப்பு மைக்குக்கு வராது. வயர் போய்ச் சேரும் சின்னப் பெட்டியைப் புடவைச் சொருகலில் வைத்தால் நழுவும், பாவாடை நாடாவில் மாட்டுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புது பேட்டரி கேளுங்கள். பேசி முடித்து இறங்கியதும் பெட்டியின் சுவிட்சை நீங்களே அணையுங்கள், ஆபரேட்டரை நம்ப வேண்டாம். எதிரணியைப் பற்றி நீங்கள் படியில் சொல்வது கடைசி வரிசை வரை கேட்கும்.